காற்று வீசும் இடமாகப் பார்த்து

“அக்கா, இவ்வளவு திட்டம் போட்டுட்டுப் போனா அதுக்குப் பேரு காட்டுல தங்கறதா?” என்று தம்பி கேட்டான். வசந்த காலத்தில் கேட்டது. கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதனால்தானோ என்னவோ, அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. நான் கிளாஸ்கோவில் இருக்கிறேன், அவன் எடின்பரோவில். ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கேலோவே காட்டில், முகாம் மைதானம் எதிலும் சேராமல், நாங்கள் தேர்ந்தெடுத்த ஏதோ ஓரிடத்தில் டென்ட் போட்டு ஓர் இரவு தங்க வேண்டும் என்பது இருவருடைய ஆசையும்தான். எங்கள் இருவருக்கும் இது முதல் முறை. ஆனால் எப்படிப் போவது என்பதில் மட்டும் ஒத்துப்போகவில்லை. நான் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, நடந்து களைத்த இடத்தில் படுக்கலாம் என்றான்.

அவன் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த நாட்டில் அப்படிப் போக உண்மையிலேயே உரிமை இருக்கிறது. 2003-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிலச் சீர்திருத்தச் சட்டத்தை நிறைவேற்றி, 2005 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்த பிறகு, பெரும்பாலான திறந்தவெளி நிலங்களில் பொறுப்போடு நடக்கவும் தங்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு. நில உடைமையாளரைத் தேடிப் போய்க் கேட்க வேண்டியதில்லை, பதிவு இல்லை, கட்டணம் இல்லை. லாக் லோமண்ட் பூங்காவின் சில ஏரிக்கரைகளில் மட்டும் 2017 முதல் மார்ச் தொடங்கி செப்டம்பர் முடிய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கேலோவேயில் அதுவும் கிடையாது. இப்படி ஒரு சுதந்திரத்தைச் சட்டமே கொடுத்திருக்கும்போது நாம் ஏன் அட்டவணை போட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவனுடைய வாதம். அதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. திட்டம் இல்லாமல் போவது தவறு என்று மட்டும் உள்ளுக்குள் தெரிந்தது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

எல்லோரும் கொடுக்கும் பட்டியல்

கேலோவே என்று சொன்னதுமே இங்கே யாரும் கேட்கும் முதல் கேள்வி, “மிட்ஜுக்கு என்ன செய்யப்போகிறீர்கள்?” என்பதுதான். இங்கே ஒரு கோடைகாலம் இருந்தவர்களுக்கு மிட்ஜை நான் விவரிக்க வேண்டியதில்லை. கொசுவைப் போலக் கடிக்கும் குட்டிப் பூச்சி, இறக்கை விரித்தாலும் ஓரிரு மில்லிமீட்டர்தான். ஒன்றாக வந்தால் கண்ணிலேயே படாது, ஆனால் அது ஒருபோதும் ஒன்றாக வருவதில்லை. கேள்வி கேட்டவர்களே பதிலையும் கையோடு தந்துவிடுவார்கள். பிகாரிடின் கலந்த ஸ்மிட்ஜ் என்ற பூச்சிவிரட்டி மருந்தை வாங்கு. தலையில் மாட்டும் வலை வாங்கு. ஏவான் கம்பெனியின் ஸ்கின் சோ சாஃப்ட் எண்ணெயைப் பூசிக்கொள், மீன்பிடிக்கப் போகிறவர்கள்கூட அதைத்தான் பூசுகிறார்கள். வெளிர்நிறச் சட்டை போடு, கறுப்பு போடாதே.

எல்லாமே பயனுள்ள யோசனைதான். நானும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டேன். வலை வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். சாதாரணக் கொசுவலையின் கண்ணி வழியாக மிட்ஜ் தாராளமாக நுழைந்துவிடும், அதற்கென்றே நெய்த நுண்வலையாகப் பார்த்து வாங்க வேண்டும். வலையின் நிறம் கறுப்பாக இருந்தால் உள்ளேயிருந்து வெளியே பார்ப்பது எளிது. வெள்ளை வலை வெளிச்சத்தில் கண்ணைக் கூசவைக்கும். டென்ட்டின் உள்வலைக்கும் இதே கணக்கு. அதோடு, உள்கூட்டை முதலில் நிறுத்தி மேல்துணியைப் பிறகு போர்த்தும் வகை டென்ட் இந்த ஊருக்கு அவ்வளவு உகந்ததல்ல. மழையும் மிட்ஜும் சேர்ந்து வரும் இடத்தில், இரண்டும் கோத்தபடியே ஒரேயடியாக எழும்பும் டென்ட்தான் நல்லது. ஒவ்வொரு நிமிடமும் அங்கே கணக்கு.

ஆனால் இந்தப் பட்டியல் எல்லாம் சேர்ந்தும் எனக்குள் ஏதோ ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. ஒரு பூச்சிக்கு எதிராகக் கவசம் மாட்டிக்கொண்டு ஓர் இடத்துக்குப் போவதென்றால், போய்ச் சேர்ந்த பிறகு பார்க்கப்போவது எதை? கவசத்தின் உள்பக்கத்தையா? யாரைக் கேட்டாலும் என்ன வாங்க வேண்டும் என்று சொன்னார்கள். எங்கே படுக்க வேண்டும், எப்போது போக வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. தம்பி கேட்டது இந்தக் குறையைத்தானோ என்று பிறகு தோன்றியது. கடைப் பட்டியலைத் திட்டம் என்று சொல்வதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. சரி, அதில் நானும் அவன் கட்சிதான்.

ஓடையோரத்துச் சமதளம்

ஜூலையில் இருவரும் இடம் பார்த்து வரப் போனோம். இரவு தங்கும் எண்ணம் இல்லை, மாலையில் நடந்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. டென்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டோம், போட்டுப் பார்த்துப் பழகலாம் என்று. நியூட்டன் ஸ்டூவர்ட் வழியாக க்ளென்ட்ரூல் போய், லாக் ட்ரூல் ஏரிக்கு மேலே இருக்கும் புரூஸ் கல்லருகே காரை விட்டுவிட்டு, மெரிக் மலைக்குப் போகும் பாதையில் ஏறத் தொடங்கினோம். 1307-இல் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் ஆட்கள் இங்கிலாந்துப் படையை இந்தப் பள்ளத்தாக்கில்தான் மடக்கினார்கள் என்பதற்கு நினைவாக வைத்த கல் அது. பாதை பக்கன் ஓடையை ஒட்டியே போகிறது. வரைபடத்தில் அந்த ஓடையோரமாக, மரங்களுக்கு நடுவே, ஓரிடத்தை நான் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தேன். டென்ட் போட இடம் தேடும் எவரும் வட்டமிடக்கூடிய இடம்தான் அது. தண்ணீர் பக்கத்திலேயே. உயரக்கோடுகள் நன்றாக இடைவெளி விட்டு இருந்ததால் தரை சமமாக இருக்கும். மரங்கள் இருப்பதால் மறைப்பும் உண்டு.

நேரில் பார்த்தபோது இடம் வரைபடம் சொன்னதைவிட அழகு. அன்று பகலெல்லாம் தூறிவிட்டு அப்போதுதான் நின்றிருந்தது. மேகம் கலையவில்லை. மணி இரவு எட்டரையைத் தாண்டியும் வெளிச்சம் மங்காமல் சாம்பல் நிறத்தில் நின்றது. பெரணி இலைகளின் நுனியில் தண்ணீர் சொட்டாமல் தொங்கியது. இரண்டு டென்ட் போடுமளவுக்குப் புல்தரை. ஓடைச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. தம்பி பையை இறக்கிவைத்து, “இதுதான் அக்கா” என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஓர் இலைகூட அசையவில்லை என்பதை இரண்டு பேருமே அழகின் ஒரு பகுதியாகத்தான் பார்த்தோம்.

முதலில் காதுக்குப் பின்னால் ஒரு குறுகுறுப்பு. அப்புறம் தலைமயிர் தொடங்கும் இடத்தில். கையால் துடைத்தால் போனதுபோல் இருந்து அதே இடத்தில் மறுபடி சுருக்கென்றது. சட்டைக் கையைப் பார்த்தேன். மிளகுத்தூள் தூவியதுபோல் இருந்தது, தூள் நகர்ந்தது. இருவரும் வலையை எடுத்து மாட்டிக்கொண்டோம், கையில் மருந்தைப் பூசிக்கொண்டோம். அது வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன், கடித்தது குறைந்தது. ஆனால் டென்ட்டின் முடிச்சை அவிழ்க்க, கம்பியைக் கோக்க, ஜிப்பை இழுக்க விரல் வேண்டுமே. மருந்து பிசுபிசுத்த விரலில் எதுவும் நிற்கவில்லை. மணிக்கட்டில் சட்டை முடிந்து கை தொடங்கும் அந்த ஒரு கோட்டில் மட்டும் அத்தனையும் வந்து உட்கார்ந்தன. தம்பி கம்பியை நீட்டிப் பிடித்தபடி நின்றான், என்னால் அதைத் துணிக்குள் செலுத்த முடியவில்லை. குனிந்து மூச்சுவிட்டால் வலைக்கு வெளியே ஒரு மேகமே கூடியது. கடைசியில் எல்லாவற்றையும் அப்படியே சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு, காருக்குத் திரும்பாமல் மேலே ஏறினோம். ஏன் மேலே என்று அப்போது யோசிக்கவில்லை. நின்றால் கடிக்கும், நடந்தால் கொஞ்சம் விலகும். பாதையும் மேல்நோக்கித்தான் இருந்தது.

மரங்கள் முடியும் இடத்தைத் தாண்டி வெளிச்சரிவில் கால் வைத்ததும் முகத்தில் காற்று பட்டது. பெரிய காற்று இல்லை. வலைத்துணியைக் கன்னத்தோடு லேசாக ஒட்டவைக்கும் அளவுக்குத்தான். இன்னும் கொஞ்சம் ஏறியதும் நின்று பார்த்தோம். ஒரு மிட்ஜ் கூட இல்லை. வலையைக் கழற்றினேன், கையை நீட்டிப் பார்த்தேன், எதுவும் வரவில்லை. அதே மாலை, அதே ஈரம், அதே இரண்டு பேர். கீழே அந்த ஓடையோரம் மரக் கூரைக்குள் மறைந்திருந்தது. அங்கே சட்டைக் காலரை மூடிக்கொண்டு தவித்தவர்கள் இங்கே பென்யெல்லரி மலைச் சரிவில் உட்கார்ந்து, ஏரிமேல் நிறம் மாறுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். “இங்கேயே போட்டுடலாமே” என்றான் தம்பி. தரையைச் சுற்றிப் பார்த்தோம். கொத்துக்கொத்தாகப் புல்திட்டு, நடுவில் தண்ணீர், மொத்தமும் சரிவு. காற்று இருக்கிறது, சமதளம் இல்லை. கீழே சமதளம் இருக்கிறது, காற்று இல்லை. அப்போதுதான் எனக்குள் ஏதோ ஒன்று திரும்பி உட்கார்ந்தது. அதுவரை நான் தேடிக்கொண்டிருந்தது தண்ணீர், மறைப்பு, சமதளம். தேட வேண்டியது காற்றும் சமதளமும் ஒன்றாகக் கிடைக்கும் இடத்தை. அப்படிப்பட்ட இடங்கள் இந்தப் பக்கத்தில் மிகச் சிலவே இருக்கும், அவை தற்செயலாகக் கால் போன போக்கில் அகப்படாது.

மிட்ஜ் சொல்லிக்கொடுத்தது

வீடு திரும்பிய பிறகு மிட்ஜைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க அதன்மேல் இருந்த கோபம் குறைந்து, அது அந்த நிலத்தைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று தோன்ற ஆரம்பித்தது. குலிகாய்டீஸ் இம்பங்க்டேட்டஸ் என்பது அதன் அறிவியல் பெயர். ஈரமான, அமிலத்தன்மை கொண்ட சதுப்பு மண்ணில்தான் அதன் புழு வளர்கிறது, குளிர்காலம் முழுக்க அந்த மண்ணுக்குள்ளேயே இருந்துவிட்டு, மே மாதம் போல இறக்கை முளைத்து வெளியே வருகிறது. கடிப்பது பெண் மட்டும்தான். அதுவும், முதல் ஈட்டு முட்டையை இரத்தம் குடிக்காமலேயே இட்டுவிடும். அடுத்த ஈட்டுக்குத்தான் அதற்கு இரத்தம் வேண்டும். நாம் விடும் மூச்சிலிருக்கும் கரியமில வாயுவை மோப்பம் பிடித்து வருகிறது. ஒன்று கடிக்கத் தொடங்கினால் அது வெளியிடும் வாசனை மற்றவற்றையும் அழைத்துவிடும். சுள்ளென்ற வெயில் அதற்கு ஆகாது. விடியலும் அந்தியும் மேகமூட்டமும்தான் அதன் நேரம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அதனால் காற்றில் பறக்க முடியாது. மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தாலே அது புல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்காட்லாந்தில் அது மனிதருக்கு எந்த நோயையும் பரப்புவதில்லை என்பதும் ஓர் ஆறுதல்.

இதை வைத்துக்கொண்டு மறுபடி வரைபடத்தைப் பார்த்தால் அது வேறு வரைபடமாகத் தெரிகிறது. கேலோவே காட்டுப் பூங்கா 1947-இல் உருவானது, 770 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதில் பச்சையாக இருப்பதில் பெரும்பகுதி சிட்கா ஸ்ப்ரூஸ் தோட்டம். வட அமெரிக்க மேற்குக் கரையிலிருந்து 1831-இல் இங்கே வந்து சேர்ந்த மரம். சதுப்பு நிலத்தை உழுது, வடிகால் வெட்டி, மேட்டில் நட்டு வளர்த்தவை. அதற்குள்ளே டென்ட் போட முயன்றால் ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மேடு, இடையில் வெட்டிப்போட்ட கிளைகள். புயலில் வேரோடு சாயக்கூடிய மரங்களும் உண்டு, அவற்றின் கீழே படுப்பது ஆபத்து. மரம் காற்றைத் தடுக்கிறது, காற்றில்லாத இடம் மிட்ஜைக் காப்பாற்றுகிறது. காட்டுக்குள் தங்க வேண்டும் என்று ஆசைப்பட்ட நான், காட்டின் ஓரத்தில், காட்டுக்கு மேலே தங்க வேண்டும் என்று முடிவு செய்தது இப்படித்தான். அதை இழப்பாக நினைக்கவில்லை. ஓர் இடத்தை அதன் ஈரத்தையும் காற்றையும் ஒளியையும் வைத்துத் தெரிந்துகொள்வது, அதற்குள் நின்று படமெடுத்துக்கொள்வதைவிட நெருக்கமான உறவு என்றே நினைக்கிறேன்.

தீ மூட்டினால் மிட்ஜ் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். புகைக்கு ஓரளவு விலகும், உண்மைதான். ஆனால் ஸ்காட்லாந்து திறந்தவெளி நடத்தை விதிகள் காட்டுக்குள்ளும், பீட் மண்ணிலும், வறண்ட நாட்களிலும் தீ மூட்டவே கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. பீட் என்பது முழுதாக மக்காத தாவரங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிந்த மண். அதில் இறங்கிய கனல் மேலே தெரியாமல் அடியில் புகைந்துகொண்டே போகும். 2025 ஏப்ரலில் க்ளென்ட்ரூல் பக்கம் பிடித்த காட்டுத்தீ லாக் டூன் ஏரி வரை பரவியது, மலையில் இருந்தவர்களைப் போலீஸார் வெளியேறச் சொன்னார்கள். நாங்கள் ஏறிய பாதைக்கு மிக அருகில் நடந்தது அது. ஓர் இரவு பூச்சிக்கடிக்குப் பயந்து அப்படியொரு மலையில் தீக்குச்சி உரசுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சின்ன கேஸ் அடுப்பு போதும். அதையும் டென்ட்டுக்குள் பற்றவைக்கக் கூடாது, எத்தனை மிட்ஜ் வெளியே நின்றாலும் கூடாது. மூடிய டென்ட்டுக்குள் அடுப்பெரித்தால் சேரும் கார்பன் மோனாக்ஸைடு வாசனை இல்லாமல் ஆளைக் கொல்லும். இதை மட்டும் தம்பியிடம் சத்தியமே வாங்கிக்கொண்டேன்.

எந்த மாதம்

இடத்துக்கு அடுத்தது காலம். எனக்கு ஜூன் மாதத்தின்மேல் ஒரு கண் இருந்தது. பத்து மணி வரை வெளிச்சம், நடக்க நேரம் நிறைய. ஆனால் கேலோவேக்குப் போகும் காரணங்களில் ஒன்று அதன் இருட்டு. 2009-இல் பிரிட்டனிலேயே முதல் இருண்ட வானப் பூங்காவாக அங்கீகாரம் பெற்ற காடு அது. ஜூனில் இங்கே முழு இருட்டு என்பதே கிடையாது, நள்ளிரவிலும் வடக்கே அடிவானம் வெளுத்தே இருக்கும். ஆக ஜூனில் போனால் நட்சத்திரமும் கிடைக்காது, மிட்ஜும் உச்சத்தில் இருக்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஜூனைப் பிடித்துத் தொங்க மனம் வரவில்லை.

ஏப்ரல் கடைசி, மே தொடக்கம் என்றால் மிட்ஜ் இன்னும் வந்திராது. இருட்டும் ஓரளவு உண்டு. ஆனால் அது ஆட்டுக்குட்டிகள் பிறக்கும் காலம், தரையில் கூடுகட்டும் பறவைகளின் காலம், போன ஆண்டுப் புல் காய்ந்து தீப்பிடிக்கும் காலம். நாம் வசதியாக இருப்பதற்காக அவற்றின் நடுவே போய்ப் படுக்க வேண்டுமா என்று யோசித்தேன். செப்டம்பர் கடைசியில் மிட்ஜ் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். இரவும் பகலும் சமமாக இருக்கும், ஏழரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்து நல்ல இருட்டு வரும். கிளாஸ்கோவில் செப்டம்பர் கடைசித் திங்கட்கிழமை உள்ளூர் விடுமுறை என்பதால் எனக்கும் சௌகரியம், அந்த வாரக்கடைசியையே பிடித்துக்கொண்டோம். குளிர் கூடுதலாக இருக்கும். அதற்குத் தடிமனான ஸ்லீப்பிங் பேக்கும், தரைக்குளிரைத் தடுக்கும் நல்ல பாயும் போதும். உண்ணி மட்டும் அப்போதும் இருக்கும். பிராக்கன் பெரணியிலும் உயரப்புல்லிலும் உட்கார்ந்து காத்திருக்கும். லைம் நோயைக் கொண்டுவருவது அதுதான். அதனால் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்வது, படுக்கும் முன் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு எல்லாம் பார்ப்பது, ஒட்டியிருந்தால் உண்ணி எடுக்கும் கொக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நிதானமாக எடுப்பது, பிறகு ஒரு மாதம் வரை அந்த இடத்தில் வட்டமாகச் சிவக்கிறதா என்று கவனிப்பது. மிட்ஜைப் பற்றி ஆயிரம் பேசுகிறவர்கள் உண்ணியைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மிட்ஜ் ஓர் இரவைக் கெடுக்கும், உண்ணி ஒரு வருடத்தையே கெடுக்கலாம்.

இப்போது கையில் இருப்பது

ஆர்டினன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் 318, 319 வரைபடங்கள் இரண்டையும் தரையில் ஒட்டிவைத்துப் பார்த்து நாங்கள் பிடித்திருக்கும் இடம் லாக் ஈனாக் பக்கம். மெரிக் மலைக்குக் கிழக்கே, 500 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில், மரமே இல்லாத வெட்டவெளியில் இருக்கும் ஏரி. கரையில் வெள்ளைக் கிரானைட் மணல் திட்டுகள் உண்டு. அந்தக் காலத்தில் அரிவாள் தீட்ட அந்த மணலை அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். மணல் என்றால் தண்ணீர் வடியும், சமமாகவும் இருக்கும். தென்மேற்கிலிருந்து வரும் வழக்கமான காற்று ஏரியைக் கடந்து வந்து படுமாறு வடகிழக்குக் கரையில் ஒரு மேடு. இது முதல் தேர்வு. காற்று கட்டுக்கடங்காமல் அடித்தால் அங்கே இருக்க முடியாது. அப்போது தெற்கே இறங்கி லாக் வேலி ஏரிப் பக்கம் பாறை மறைப்பில் இன்னோர் இடம். காற்றே இல்லாத வெதுவெதுப்பான மாலையாக இருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுவது. டென்ட் அதிகபட்சம் இரண்டு, ஓர் இரவு மட்டும். நடத்தை விதிகள் ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவு வரை இருக்கலாம் என்கின்றன, எங்களுக்கு ஒன்றே போதும். மலம் கழிப்பதென்றால் தண்ணீரிலிருந்து 30 மீட்டருக்கு அப்பால் சின்னக் குழி வெட்டிப் புதைப்பது, காகிதத்தைப் பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவருவது. அந்த மணலில் எங்கள் டென்ட் நின்ற தடம்கூட இருக்கக் கூடாது என்பதில் இருவருக்குமே பிடிவாதம் உண்டு.

சாப்பாடு பற்றி அதிகம் யோசிக்கவில்லை. இருட்டும் நேரத்தில் சமைக்க வேண்டாம் என்பதால் புளிசாதம் கட்டிக்கொண்டு போகிறோம், காலையில் காற்று எழுந்த பிறகு தண்ணீர் சுடவைத்து ஓட்ஸ். ஓடைத் தண்ணீர் பீட் கலந்து தேநீர் நிறத்தில் இருக்கும், அது கெடுதல் இல்லை. ஆனாலும் வடிகட்டியோ கொதிக்கவைத்தோதான் குடிக்க வேண்டும்.

அங்கே மொபைல் சிக்னல் பெரும்பாலும் இல்லை. அவசர உதவி எண்ணான 999-க்குக் குறுஞ்செய்தி அனுப்பி உதவி கேட்கும் வசதியை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம், பேச முடியாத மெலிந்த சிக்னலிலும் ஒரு செய்தி போய்ச் சேர வாய்ப்புண்டு. இருவரும் பதிந்துவிட்டோம். முதல் இடம், மாற்று இடம், இரண்டின் கிரிட் எண்கள், எந்த மணிக்குள் நாங்கள் பேசாவிட்டால் போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்பது எல்லாம் எழுதி என் தோழியிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவோம். மெரிக்குக்கு வடக்கே டன்ஸ்கீன் என்று ஒரு கல்வீடு இருக்கிறது. மலையில் நடப்பவர்கள் யாரும் ஒதுங்கிக்கொள்ளலாம், பூட்டு கிடையாது. இப்படிப்பட்ட வீடுகளைப் பராமரிக்கும் சங்கம் 1965-இல் முதன்முதலாகப் பழுதுபார்த்த வீடே அதுதான். அதையும் வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறேன். முழங்கால் வரை ஈரமாகி நடுங்கும் நிலை வந்தால் டென்ட்டில் பிடிவாதமாக இருப்பதைவிடக் கூரைக்குக் கீழே போவது நல்லது.

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். ஜூலைக்குப் பிறகு அவன் அதை மறுபடி கேட்கவில்லை. ஆனால் நான் அதைக் கைவிடவில்லை, ஏனென்றால் அதில் பாதி உண்மை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே முழுதாகத் தெரிந்த இடத்துக்குப் போவதில் எனக்கும் விருப்பம் இல்லை. அதனால் திட்டத்தில் சிலவற்றை வேண்டுமென்றே திறந்து விட்டிருக்கிறேன். எந்த வழியாக ஏறுவது என்பதை அன்று காலை முடிவு செய்யலாம். ஏரிக்குப் போன பிறகு எவ்வளவு நேரம் நடப்பது, எங்கே உட்காருவது, விடியலில் மெரிக் உச்சிக்கு ஏறுவதா வேண்டாமா, எதுவும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்திருப்பது எங்கே படுப்பது, எந்த நிலையில் திரும்புவது என்ற இரண்டு மட்டும்தான். அவ்விரண்டும் முடிவாகிவிட்டதால் மற்றதையெல்லாம் பயமில்லாமல் திறந்துவைக்க முடிகிறது. இதை அவனிடம் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி அக்கா, காற்று பாக்கற வேலையை நான் எடுத்துக்கறேன்” என்றான்.

அன்றிலிருந்து மெரிக்குக்கான காற்று முன்னறிவிப்பை அவன்தான் தினமும் பார்க்கிறான், எந்தத் திசை, எவ்வளவு வேகம் என்று எனக்கு அனுப்புகிறான். நேற்று அனுப்பியதில் தென்மேற்கு, மணிக்கு 18 கிலோமீட்டர். இதே அளவு அந்த வாரக்கடைசியிலும் இருந்தால் ஈனாக். வடக்கிலிருந்து அடித்தால் எந்தக் கரை என்பதில் இன்னும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அவன் தெற்குக் கரை என்கிறான். எனக்கு அங்கே தரை ரொம்ப ஈரமாக இருக்குமோ என்று சந்தேகம்.